மேகத்துக்குள் அழைத்துப்போன ஆசிரியை: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பயிற்சி, என் அனுபவம்

2022 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் மலையடிவாரத்தில் கொலம்பியா என்று ஒரு சின்ன விமானத்தளம் இருக்கிறது. ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கலாம். முதல் நாள் இரவு அங்கே தங்கிவிட்டு, காலையில் பாலோ ஆல்ட்டோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் பக்கத்து இருக்கையில், மகள் பின்னால் தூக்கத்தில். குன்றுகளைத் தாண்டியதும் பார்த்தால் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா முழுக்க வெள்ளை. மேலே மாசு மருவில்லாத நீலம், கீழே தரையே தெரியாதபடி மேகம் மூடிக்கிடந்தது. பாலோ ஆல்ட்டோவின் வானிலை ஒலிபரப்பைக் கேட்டேன். மேகத்தின் அடிப்பகுதி 900 அடி. மேற்பகுதி 1,900 அடி என்று சற்றுமுன் யாரோ ஒரு விமானி சொல்லியிருந்தார். ஆக, எனக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஆயிரம் அடி மேகம்தான்.

என்னிடம் இருந்த தனியார் விமானி உரிமத்தில் அதற்குள் நுழையச் சட்டம் விடாது. எனக்கும் அன்று அந்தத் திறன் கிடையாது. உள்நாட்டுப் பக்கம் மேகம் மூடாமல் இருந்த லிவர்மோரில் இறங்கிப் பதினொன்றரை மணி வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் என்னுடையதைவிடப் பழைய செஸ்னா என்ற சின்ன விமானம் ஒன்று, தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்லும் கண்ட்ரோலரிடம் ஐஎஃப்ஆர் அனுமதி, அதாவது கருவிகளை வைத்துப் பறக்கும் அனுமதி, வாங்கிக்கொண்டு, நிதானமாக அந்த வெள்ளைக்குள் இறங்கிப் போனதை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை ஓட்டியவரின் குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. அந்தக் குரல் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதன்பின் ஒன்றரை வருடம், ஏறத்தாழ 18,000 டாலர், ஒரு பயிற்சிப் பள்ளி, பிறகு தனியாகக் கற்றுத்தரும் ஒரு ஆசிரியை. 2024 பிப்ரவரியில் ரேட்டிங் கையில் வந்தது. பள்ளியையும் ஆசிரியையையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆசிரியை தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதுவும் இருக்காது. ஆனால் யாரிடம் எப்படிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைப் பெயரில்லாமலே சொல்ல முடியும்.

சாதாரண விமானி வெளியே பார்த்துப் பறக்கிறார். அடிவானம் எங்கே, மலை எங்கே, பக்கத்தில் வேறு விமானம் வருகிறதா என்பதெல்லாம் கண்ணால்தான். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்பது வெளியே ஒன்றுமே தெரியாதபோது, முன்னால் இருக்கும் கருவிகளையும் கண்ட்ரோலரின் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு பறந்து, ஓடுபாதையின் வாசல் வரை வந்து சேரக் கற்பது. அமெரிக்க விதிப்படி, விமானத்தைத் தன் பொறுப்பில் ஓட்டி 50 மணி நேரம் ஊர்விட்டு ஊர் பறந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 40 மணி நேரம் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 15 மணி நேரம் இதற்கென்றே தகுதி பெற்ற ஆசிரியருடன். அப்புறம் 60 கேள்விகளோடு எழுத்துத் தேர்வு, கடைசியில் எக்ஸாமினருடன் வாய்மொழித் தேர்வும் பறக்கும் தேர்வும்.

இதில் எனக்கு யாருமே முதலில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த 40 மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட நிஜ மேகத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. முழுவதையும் நீலவானத்தில், ஃபாகிள்ஸ் என்ற கண்ணாடியை மாட்டிக்கொண்டே முடித்துவிடலாம். மேல்பாதி மங்கலாக்கப்பட்ட மூக்குக்கண்ணாடி அது. வெளியே பார்க்க விடாது, கருவிப் பலகை மட்டும் தெரியும். அப்படி முடித்தவரும் மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் போகலாம், சட்டம் தடுக்காது.

நான் முதலில் சேர்ந்த பள்ளி அப்படித்தான் நடத்தியது. பளபளப்பான வரவேற்பறை, புது விமானங்கள், கைப்பேசியிலேயே பதிவு செய்யும் வசதி. இவற்றுக்கெல்லாம் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். விமானப் பராமரிப்பு நன்றாக இருந்தது, நேரத்துக்கு எரிபொருள் நிரப்பி வைப்பார்கள். ஆனால் ஏழு மாதத்தில் எனக்கு மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். மூவருமே இருபதுகளில் இருந்த நல்ல பிள்ளைகள். ஏர்லைனில் சேர 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பதால், அந்தக் கணக்கு நிறைந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதில் தவறில்லை, அது அவர்களுடைய பிழைப்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் புதியவர் வந்து, "உங்கள் நிலை தெரிய வேண்டும், அடிப்படையிலிருந்து ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்று ஆரம்பிப்பார். நேர் கோட்டில் பறப்பது, ஒரே சீராகத் திரும்புவது, ஏறுவது, இறங்குவது. இதையே மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் காசு கட்டினேன்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. மேகம் இருக்கும் காலையில் பள்ளியிலிருந்து செய்தி வரும்: "இன்று வானிலை சரியில்லை, வகுப்பு ரத்து." மேகத்தில் பறக்கக் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு மேகம் வந்ததால் வகுப்பு இல்லை! இரண்டாவது ஆசிரியரிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, தானே இதுவரை மேகத்துக்குள் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் இருந்திருக்கிறேன் என்று சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அங்கே 17 மணி நேரம் ஃபாகிள்ஸ் போட்டுப் பறந்து முடித்தபோது என் பதிவேட்டில் நிஜ மேகத்துக்கான கட்டம் சுத்தமாகக் காலியாக இருந்தது.

ஒரு நண்பர் மூலமாகத்தான் ஆசிரியையின் எண் கிடைத்தது. அறுபத்தேழு வயது. பல வருடம் இரவுநேரச் சரக்கு விமானம் ஓட்டியவர். ஒரே சமயத்தில் நான்கு மாணவர்களுக்கு மேல் எடுப்பதில்லை. தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "வாரத்துக்கு இரண்டு நாள் வர முடியுமா?" முடியாவிட்டால் வேண்டாம், வாரம் ஒருமுறை வந்தால் பாதி வகுப்பு மறந்ததை நினைவுபடுத்தவே போய்விடும், உங்கள் காசு வீண் என்றார். இரண்டாவது கேள்வி, "காலை ஏழு மணிக்கு வர முடியுமா?" அந்த நேரத்தில்தான் மேகம் இருக்கும்.

வளைகுடாப் பகுதியின் கோடைமேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பசிபிக் கடலின் குளிர்ந்த நீருக்கு மேல் உருவாகி, கோல்டன் கேட் வழியாகவும் சான் புரூனோ பக்கத்து மலை இடைவெளி வழியாகவும் இரவில் உள்ளே ஊர்ந்து வரும். தட்டையான, அமைதியான மேகம். பெரும்பாலும் ஆயிரம் அடி, ஆயிரத்தைந்நூறு அடி கனம்தான். உள்ளே இடி இல்லை, மின்னல் இல்லை. கோடையில் இறக்கையில் பனிக்கட்டி பிடிக்கும் பயமும் கிடையாது. மேலே வெயில், உள்நாட்டுப் பக்கம் லிவர்மோரோ டிரேசியோ திறந்திருக்கும். ஏதாவது தவறினால் ஏறிக்கொண்டே இரு, இரண்டு நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடுவாய். புதியவர்கள் பழக இதைவிடப் பாதுகாப்பான மேகம் கிடைப்பது கஷ்டம். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளி வகுப்பை ரத்து செய்கிறது என்றால், குளத்தங்கரையில் உட்கார்ந்து தரையில் நீச்சல் பழக்குவது மாதிரிதான்.

2023 ஜூன் மாதம் முதல் மேக நாள். மேகத்தின் அடி 800 அடி. என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, தாளில் அனுமதியை எழுதினேன். எந்த ஊர் வரை, எந்த வழி, எவ்வளவு உயரம், எந்த அலைவரிசை, ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எண் என்ன. எப்போதும் இதே வரிசையில்தான் சொல்வார்கள் என்பதால் தாளில் முன்கூட்டியே ஐந்து எழுத்தை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் கோவில்பட்டியில் தமிழ்வழியில் படித்தவள். கண்ட்ரோலர்கள் பேசும் வேகம் எனக்குப் பெரிய மலையாக இருந்தது. கண்ட்ரோலர்களின் ரேடியோப் பேச்சை ஒலிபரப்பும் லைவ் ஏடிசி தளத்தில், எங்கள் பகுதியைக் கவனிக்கும் நார்கால் அப்ரோச் கண்ட்ரோலர்களின் பேச்சைச் சமைக்கும்போதெல்லாம் ஓடவிட்டு மூன்று மாதம் கேட்டேன். அந்தப் பழக்கத்துக்கு ஒரு டாலர் செலவில்லை, ஆனால் மொத்தப் பயிற்சியிலும் எனக்கு மிகவும் உதவியவற்றில் அதுவும் ஒன்று.

ஓடுபாதையை விட்டு எழும்பினோம். 800 அடியில் முதல் துணுக்குகள் கண்ணாடியை உரசிப் போயின, அடுத்த நொடி எல்லாம் சாம்பல். சத்தம் மாறவில்லை, என்ஜின் மாறவில்லை, ஆனால் உலகமே இல்லை. அப்போதுதான் புரிந்தது, ஃபாகிள்ஸ் போட்டுப் பறந்த 17 மணி நேரமும் என் மூளை திருட்டுத்தனம் செய்திருக்கிறது என்று. ஃபாகிள்ஸ் போட்டிருந்தாலும் வெயில் கருவிப் பலகையின் மேல் விழும். விமானம் திரும்பினால் நிழல் நகரும். கண்ணின் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் போதும், எது மேல், எது கீழ் என்று உடம்பு தெரிந்துகொள்ளும். மேகத்துக்குள் அப்படி எந்தத் தடயமும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், நிழலே கிடையாது.

கண்ட்ரோலர் புது அலைவரிசை சொன்னார். குனிந்து எழுதினேன். கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். நிமிர்ந்தால் செயற்கை அடிவானம் இடப்பக்கம் 20 டிகிரி சாய்ந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, நேராகப் போவதாகத்தான் இருந்தது. சரிசெய்தேன். கருவி இப்போது நேர். ஆனால் என் உடம்பு, விமானம் வலப்பக்கம் கவிழ்கிறது என்று அலறியது. என்னை அறியாமலே இருக்கையில் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வயிற்றைப் பிசைந்தது.

ஆசிரியை கையை நீட்டவில்லை, ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "அடிவானம் என்ன சொல்கிறது?" என்றார்.

"நேர்."

"திருப்பம் காட்டும் கருவி?"

"நேர்."

"உயரமானி?"

"ஏறிக்கொண்டிருக்கிறது. 1,300."

"மூன்று பேர் ஒரே பேச்சாகச் சொல்கிறார்கள். உங்கள் காது மட்டும் வேறு சொல்கிறது. காது தனியாள்."

அவ்வளவுதான் சொன்னார். 1,600 அடியில் வெளியே வந்தோம். வெயில் முகத்தில் அடித்தது. வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் சுட்ரோ கோபுரத்தின் மூன்று முனைகள் மட்டும் வெள்ளைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன, கிழக்கே டயாப்லோ மலை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டு, "முதல் முறை எல்லோருக்கும்" என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

இந்தக் காது விவகாரத்தை விமானம் இறங்கியபின் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். உள்காதில் இருக்கும் மூன்று வளையக் குழாய்களில் உள்ள திரவத்தின் அசைவை வைத்துத்தான் நாம் திரும்புவதை உணர்கிறோம். மிக மெதுவாகச் சாய்ந்தால், வினாடிக்கு இரண்டு டிகிரிக்கும் குறைவு என்றால், அந்தத் திரவம் அசைந்ததாகவே பதிவாகாது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் திரவம் குழாயோடு சேர்ந்து ஓடி, நேராகப் போவது போல் ஆகிவிடும். நேராக்கினால் எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். அதை நம்பித் திரும்பவும் சாய்த்தால், விமானம் சுழன்றுகொண்டே கீழே இறங்கும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை வைத்து, மேகத்துக்குள் போனது போன்ற நிலையை உண்டாக்கிப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டை இழக்க எடுத்த நேரம் சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அன்று லிவர்மோரில் இறங்காமல் "ஆயிரம் அடிதானே" என்று நான் நுழைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த எண்ணைக் கேட்டதும் நினைத்தேன். பின்னிருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கருவிகளை மட்டும் வைத்துப் பறக்க முடியும் என்பதை முதலில் செய்து காட்டியவர் ஜிம்மி டூலிட்டில். 1929 செப்டம்பர் 24, நியூயார்க்கின் மிச்சல் ஃபீல்டில், விமானி அறையைத் துணிமூடியால் மூடிக்கொண்டு ஏறி, சுற்றி, இறங்கினார். அவர் நம்பியிருந்த ஸ்பெர்ரியின் செயற்கை அடிவானமும் கோல்ஸ்மனின் உயரமானியும்தான் இன்று என் செஸ்னா 172இல் இருக்கும் கருவிகளுக்கு மூதாதைகள். அவருடைய விமானத்திலும் முன்னால் ஒரு பாதுகாப்பு விமானி, எல்லாம் தெரிந்தபடி, தேவைப்பட்டால் கை கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். துணிமூடிப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது அவசியம். அதோடு நிறுத்திக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அம்மாவிடம் தொலைபேசியில் இந்த மேகக் கதையைச் சொன்னேன். "எதுக்குடி மேகத்துக்குள்ள போகணும்? கலைஞ்சதும் போயேன்" என்றாள். அம்மா சொன்னதில் பாதி உண்மை. ரேட்டிங் வாங்கினாலும் இடிமேகத்துக்குள் போக முடியாது. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே ஈரமேகத்துக்குள் போனால் இறக்கையில் பனி பிடிக்கும், அதை உதற என் மாதிரி சின்ன விமானத்தில் வழியில்லை. ஆசிரியை இதற்கென்றே இரண்டு வகுப்பு ஒதுக்கினார். வானிலை வரைபடத்தை விரித்து வைத்து, "இன்று போகலாமா?" என்று கேட்பார். நான் போகலாம் என்று சொன்ன நாட்களில் பாதிக்கு அவர் காரணம் காட்டி மறுத்தார். எங்கே போகக்கூடாது என்பதையும் காசு வாங்கிக்கொண்டு பொறுமையாகச் சொல்லித்தருபவர் கிடைத்தால் விடாதீர்கள்.

சிமுலேட்டரில் எட்டு மணி நேரம் செய்தேன். மணிக்கு 80 டாலர். விமானத்துக்கு 195, ஆசிரியைக்குத் தனியாக 100. முதலில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஹோல்டிங்கை அங்கே படித்ததுபோல் வானத்தில் படித்திருக்க முடியாது. ஓரிடத்தில் காத்திருக்கச் சொன்னால், வானத்தில் ஒரு முட்டைவடிவப் பாதையைச் சுற்ற வேண்டும், ஒரு நிமிடம் உள்நோக்கி, திருப்பம், அப்புறம் வெளிநோக்கி, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கேற்பத் திசையைத் திருத்தி. எந்தப் பக்கமிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்து நுழையும் முறை மூன்று. சிமுலேட்டரில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. நான் குழம்பியதும் நிறுத்துவார், திரையில் நான் போட்ட கோட்டைக் காட்டுவார், "இங்கே என்ன நினைத்தீர்கள்?" என்பார். வானத்தில் அது முடியாது, விமானம் நிற்காது.

கருவி பழுதாகும் பயிற்சியை மட்டும் விமானத்தில்தான் செய்ய வைத்தார். பழைய 172இல் செயற்கை அடிவானமும் திசைகாட்டும் கைரோவும் என்ஜினோடு சேர்ந்த காற்றுப் பம்ப்பால் ஓடுபவை. பம்ப் போனால் இரண்டும் மெல்லச் சாய்ந்து பொய் சொல்ல ஆரம்பிக்கும். அவர் எதுவும் பேசாமல் ரப்பர் மூடியை எடுத்து அடிவானத்தின் மேல் ஒட்டிவிடுவார். மீதமிருப்பவற்றை வைத்து இறங்கிக் காட்ட வேண்டும். முதல் மூன்று முறை என்னால் முடியவில்லை. நான்காவது முறை முடிந்தது. அன்று வீடு வரை கார் ஓட்டிக்கொண்டே பாடிக்கொண்டு போனேன்.

நீண்ட பயணம் ஒன்று கட்டாயம்: குறைந்தது 250 கடல்மைல், இறங்கும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு அப்ரோச், அதாவது கருவிகளை வைத்து ஓடுபாதையை நோக்கி இறங்கும் வகுத்த வழி, மொத்தத்தில் மூன்று வகை. பாலோ ஆல்ட்டோவிலிருந்து சாக்ரமெண்டோ எக்ஸிகியூட்டிவ், அங்கிருந்து ஃபிரெஸ்னோ, சாலினாஸ், திரும்பி வீடு. திசையும் இறங்கும் சரிவும் இரண்டையும் தரை ரேடியோவால் காட்டும் ஐஎல்எஸ், செயற்கைக்கோளை நம்பும் ஜிபிஎஸ், திசையை மட்டும் காட்டும் லோக்கலைசர். சாலினாஸில் இறங்கும்போது சோர்ந்துபோய் ஒரு அலைவரிசையைத் தவறாகப் போட்டுவிட்டேன். ஆசிரியை பார்த்தும் சொல்லாமல் இருந்தார். நானே நிலையத்தின் அடையாளமான மோர்ஸ் ஒலியைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தார்.

எனக்கு இந்தப் பயிற்சியின் உச்சம் ஜனவரியில் ஸ்டாக்டன். குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் டூலி ஃபாக் என்ற மூடுபனி இறங்கும். மழைக்குப் பிறகு ஈரத்தரை இரவில் குளிர்ந்து, தரையோடு தரையாகப் பனி எழுந்து நாள்கணக்கில் நிற்கும். பத்து மணிக்கு விலகும் என்று முன்னறிவிப்பு. பத்து இருபதுக்கு நாங்கள் ஐஎல்எஸ் வழியில் இறங்கிக்கொண்டிருந்தோம். திசையையும் சரிவையும் காட்டும் இரண்டு முட்களும் நடுவில். வேகம் 90 நாட். எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். தரைக்கு மேல் 500 அடி, 400, 300. 200 அடியில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிய வேண்டும், இல்லையென்றால் மேலே போக வேண்டும். வேறு வழியே கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை. அந்த நொடியில் "இன்னும் ஒரு இருபது அடி, தெரிந்துவிடும்" என்று ஒரு ஆசை வந்தது. அதை எழுதிவைப்பது முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் வரும். முழு பவர், மூக்கை உயர்த்து, ஏறு, இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிட்ட ஃபிளாப்பை மடக்கு, அதற்கப்புறம்தான் ரேடியோ. ஆசிரியை ஒரு சொல் பேசவில்லை. லிவர்மோருக்குத் திரும்பி, அங்கே வெயிலில் இறங்கி நிறுத்தியபின், தன் மஞ்சள் தாளில் ஏதோ எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "தேர்வுக்குத் தயார்" என்று எழுதியிருந்தது. ஓடுபாதையைக் கண்டு இறங்கிய எந்த நாளிலும் அவர் அதைத் தரவில்லை. இன்றும் அந்தத் தாள் என் பதிவேட்டில் இருக்கிறது.

எக்ஸாமினரின் தேதி கிடைக்க ஏழு வாரம் ஆனது. அதை நினைத்து முன்கூட்டியே பதிவு செய்துவிடச் சொன்னவரும் ஆசிரியைதான். கட்டணம் 1,000 டாலர். வாய்மொழித் தேர்வு இரண்டு மணி நேரம், பெரும்பாலும் "இந்த வானிலையில் போவீர்களா, ஏன்?" என்ற வகைக் கேள்விகள். பறக்கும் தேர்வில் மூன்று அப்ரோச், ஒன்றில் அடிவானம் மூடப்பட்டிருந்தது, ஒரு ஹோல்டிங். உயரம் நூறு அடிக்கு மேல் தவறக்கூடாது, திசை பத்து டிகிரிக்கு மேல் தவறக்கூடாது. தேர்வைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகத் தயார் செய்யப்பட்டவருக்கு அது இன்னொரு வகுப்பு போலத்தான் இருக்கும்.

கணக்கைப் பார்த்தால், கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது மொத்தம் 54 மணி நேரம். அதில் நிஜ மேகம் 5.2. எல்லாமே ஆசிரியையிடம் வந்த பிறகு. அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் இந்த 18,000 டாலரின் விலைமதிப்புள்ள பகுதியாக நினைக்கிறேன்.

பள்ளிக்குப் போவதே தவறு என்று சொல்லவில்லை. நல்ல பள்ளிகளும் இருக்கும், நல்ல இளம் ஆசிரியர்களும் இருப்பார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: எனக்குக் கற்றுத்தரப் போகிறவர் இன்னும் எத்தனை மாதம் இங்கே இருப்பார்? அவர் மேகத்துக்குள் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார்? 800 அடியில் தட்டையான மேகம் இருக்கும் காலையில் வகுப்பு நடக்குமா, ரத்தாகுமா? மூன்றாவது கேள்விக்குத் தயக்கம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பத்து நாளில் முடித்துத்தரும் அவசரப் பயிற்சிகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். விடுமுறை கிடைக்காதவர்களுக்கு அது வழியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நாளும் நீலவானம்தான் என்றால், ஊருக்கு வந்தபின் தனியாக நான்கைந்து காலைகள் அனுபவமுள்ள ஒருவருடன் மேகத்துக்குள் போய்விட்டு வாருங்கள். குடும்பத்தை அதற்கப்புறம் ஏற்றுங்கள்.

குறை என்று ஆசிரியையிடம் சொல்ல இரண்டு உண்டு. எழுத்துத் தேர்வுக்கு அவர் உதவவே மாட்டார், அது உங்கள் பொறுப்பு என்பார். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ இலவசமாகத் தரும் கையேடுகளையும் ஒரு கேள்வித் தொகுப்பையும் வைத்து இரண்டு மாதம் இரவில் நானே படித்தேன். இரண்டாவது, பதிவேட்டில் குறிப்புகளைச் சுருக்கமாக எழுதுவார். வீட்டுக்கு வந்ததும் அன்றே நாமே விரிவாக எழுதிக்கொள்ளாவிட்டால் மறந்துபோகும்.

ரேட்டிங் வாங்கியதோடு வேலை முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச், ஹோல்டிங், வழியைப் பிடித்துத் தொடர்வது, இவற்றைச் செய்திருந்தால்தான் ஐஎஃப்ஆரில் பறக்கலாம். நான் திருச்சிக்காரரான ஒரு நண்பருடன் மாதம் ஒருமுறை மாறி மாறிப் பாதுகாப்பு விமானியாக உட்கார்ந்து இதைச் செய்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை ஆசிரியையையும் அழைத்துக்கொள்கிறேன், இன்னமும் ரப்பர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்.

பாலோ ஆல்ட்டோ பக்கம் இருப்பவர்கள் யாராவது இப்படியொருவரைத் தேடுவதென்றால் மார்ச், ஏப்ரலிலேயே பேசி நேரம் வாங்கிவிடுங்கள். ஜூன், ஜூலை மாதத்துக் காலை ஏழு மணிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒன்பதரை மணிக்கு மேல் மேகம் கரைய ஆரம்பித்துவிடுகிறது.